ஒன்பதாவது நிலை

காலை பத்து இருபது. டோக்கன் நாற்பத்தேழு. பெயர் பால்வண்ணன். இதை நான் நகராட்சி ஆபீசுக்கு உள்ளே போய்ச் சொல்வதற்கு இன்னும் பதினைந்து பேர் முன்னால் இருக்கிறார்கள் தம்பி. இப்போது ஓடுவது முப்பத்தொன்று.

உட்காருங்கள். அந்த நாற்காலிக்குக் கால் ஆடும், இந்தப் பக்கம் வாருங்கள். கையில் என்ன, பிளானா? வீடு கட்டப் போகிறீர்களா? நல்லது. நான் கட்டி முடித்தவன். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அதோ சுவரில் ஒட்டியிருக்கிறது பாருங்கள், வீட்டுக் கணக்கெடுப்புப் பட்டியல். நான்காவது தாள், கீழிருந்து ஏழாவது வரி. பந்தல்குடி ரோடு, கதவு எண் பன்னிரண்டு பார் மூன்று. எதிரே என்ன போட்டிருக்கிறது? 'பூட்டிய வீடு. ஆட்கள்: இல்லை.' அது என் வீடு. நான் அதில் இருக்கிறேன். இன்று காலை அங்கேதான் எழுந்தேன், அங்கேதான் குளித்தேன்.

முப்பத்தொரு வருஷம் மில்லில் டைம் கீப்பராக இருந்தேன். யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதுகிற வேலை. அறுநூற்று நாற்பது பேர், மூன்று ஷிப்ட். வந்தவனுக்கு வரவில்லை என்று ஒரு நாள் எழுதியதில்லை. எனக்குப் போய் ஆள் இல்லை என்று எழுதிவிட்டார்கள். எழுதியது கணக்கெடுக்க வந்த பெண். எழுத வைத்தது என் மனைவி உலகம்மாள். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள். வெளி ஆள் செய்தால் பொறுக்கலாம்.

நீங்கள் வீடு கட்டப் போகிறவர். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

மூன்று சென்ட் மனை. அதை வாங்கிய வருஷத்திலிருந்து திட்டம் போட்டேன், பதினைந்து வருஷம். மில்லில் கட்டம் போட்ட தாள் வீணாகக் கிடக்கும், ஒரு பக்கம் எழுதியது. மறுபக்கத்தில் வரைவேன். ஒரு கட்டம் ஒரு அடி. ஹால் பதினாறுக்குப் பதினொன்று. படுக்கையறை பத்துக்குப் பதினொன்று. எல்லாம் மனையடி சாஸ்திரப்படி, பூச்சுக்கு முந்திய அளவு இல்லை, பூசி முடித்த அளவு. நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். அரை அங்குலம் பூச்சு இரண்டு பக்கமும் தின்றுவிட்டால் பதினொன்று பத்தே முக்கால் சொச்சமாகிவிடும். குறித்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் பத்தரைச் சதுரம், ஆயிரத்து ஐம்பது சதுர அடி. ஓய்வுபெறும்போது வந்த பணம், கூட்டுறவு சொசைட்டியில் போட்டிருந்தது, எல்லாம் சேர்த்துப் பத்தொன்பதரை லட்சம். மதிப்பீடு இருபத்தொன்று எண்பது. கட்டக் கட்டக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். எது குறையும் என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. நான் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் பிற்பாடு இதைக் குறைத்தாய், அதைக் குறைத்தாய் என்று பேச்சு வந்தது. அவள் பேசவில்லை. அவள் பேசியிருந்தால்தான் பரவாயில்லையே.

அதுவரை நாங்கள் இருந்தது வேலாயுதபுரம் மூன்றாம் சந்தில், காதர் மைதீன் பாய் வீட்டில். வாடகைக்கு. இருபத்து நான்கு வருஷம். ஓடு வேய்ந்தது, மழைக்கு இரண்டு இடத்தில் ஒழுகும். அடுப்படியில் நிமிர்ந்தால் உத்தரம் இடிக்கும். அந்த அடுப்படிக்கு ஒரு பின்வாசல். திறந்தால் பின்சந்து. உலகம்மாள் அங்கே இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தாள். சும்மா பொழுதுபோக்குக்கு. தினம் பத்துப் படி அரிசி. சாயங்காலம் நான்கு மணிக்குப் பின்வாசலில் தூக்குவாளிகளோடு பெண்கள் வந்துவிடுவார்கள். மாவு வாங்க ஐந்து நிமிஷம், பேச்சு அரை மணி நேரம். நான் ஷிப்ட் முடிந்து வந்தால் உள்ளே ஒரே சிரிப்பாக இருக்கும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுவிடும். அவ்வளவு மரியாதை.

நான் ஓய்வுபெற்றபோது இவளும் ஓய்வுபெறட்டும் என்று முடிவு செய்தேன். மில் எனக்கு ஐம்பத்தெட்டு வயதில் கொடுத்ததை நான் அவளுக்கு ஐம்பத்தைந்திலேயே கொடுத்தேன். புது வீட்டில் கிரைண்டருக்கு இடம் வைக்கவில்லை. அந்த மூலை வாஷிங் மெஷினுக்கு. இதையும் அவளிடம் சொல்லித்தான் செய்தேன். 'இனிமே உனக்கு மாவு அரைக்கிற தொல்லை கிடையாது உலகு' என்றேன். சரி என்றாள்.

இந்த 'சரி'யைக் கவனியுங்கள். என் வழக்கே அதில்தான் நிற்கிறது. வீடு கட்டிய ஏழு மாதத்தில் அவள் பதினொரு சரி சொல்லியிருக்கிறாள். தேதியோடு என் நோட்டில் இருக்கிறது. வேண்டுமானால் காட்டுகிறேன், பையில்தான் இருக்கிறது. ஹாலுக்கு என்ன கல் போடுவது, சரி. படிக்கட்டு உள்ளே, சரி. மேலே தண்ணீர்த் தொட்டி, சரி. ஒரு தடவையாவது வேண்டாம் என்று சொன்னாள் என்று அவளைச் சொல்லச் சொல்லுங்கள். சரி என்றால் சரிதானே?

தை மாதம், வாஸ்து நாளுக்கு முதல் நாள், கொத்தனார் சவரிமுத்து சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டார். எது அறை, எது வாசல் என்று வீடே தரையில் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. உலகம்மாளைக் கூட்டிப் போயிருந்தேன். அவள் ஹாலைப் பார்க்கவில்லை, படுக்கையறையைப் பார்க்கவில்லை. நேரே தென்கிழக்கு மூலைக்குப் போய் அடுப்படிக் கோட்டுக்குள் நின்றாள். அடுப்பு எங்கே என்று கேட்டாள். காட்டினேன். கிழக்கே பார்த்து நின்று கையை நீட்டிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், பின்வாசல் எங்கே என்று. அப்போது பிளானில் பின்வாசல் இருந்தது. கோட்டில் விட்டிருந்த இடைவெளியைச் சவரிமுத்து காட்டினார். அந்த இடைவெளி வழியாக வெளியே போனாள். திரும்பி உள்ளே வந்தாள். மறுபடி போனாள், வந்தாள். கோட்டை மிதிக்காமல் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. சின்னப் பிள்ளை விளையாடுகிற மாதிரி இருந்தது. 'போதும் வா, சுண்ணாம்பு கலையும்' என்று நான்தான் கூப்பிட்டேன்.

பிளானில் எட்டு நிலை. முன்வாசல் ஒன்று, படுக்கையறை இரண்டு, குளியலறை இரண்டு, அடுப்படிக்குள் நுழைகிற வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று, மாடிக் கதவு ஒன்று. எட்டு. இரட்டைப்படை. உங்களுக்குத் தெரிந்திருக்கும், வீட்டில் நிலைகள் இரட்டைப்படையில்தான் வரவேண்டும். ஒற்றைப்படையில் வந்தால் குடும்பம் சேர்ந்திருக்காது என்று சொல்வார்கள். ஆசாரியிடம் எட்டுக்கும் முன்பணம் கொடுத்து, வேங்கை மரத்தில் எட்டும் வந்து இறங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. சாமி அறைக்குக் கதவு வைக்கலாமே என்று. மில் மேனேஜர் பங்களாவில் இருக்கும், இரட்டைக் கதவு, கட்டம் கட்டமாகக் குடைந்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்ன மணி. மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், கையெழுத்து வாங்கப் போவேன். அவர் கும்பிட்டு முடிக்கும்வரை வராந்தாவில் நிற்க வேண்டும். கதவைச் சாத்தும்போது அத்தனை மணியும் சேர்ந்து கிணுகிணுக்கும். அது கேட்டால் கையெழுத்து வரப்போகிறது என்று அர்த்தம். எத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்கு நின்றிருப்பேன். என் வீட்டில் அது ஒன்று இருக்கட்டுமே என்று தோன்றியது. இருபத்தோராயிரம்.

அதோடு நிலை ஒன்பதாகிவிட்டது.

ஒன்றை எடுத்தாக வேண்டும். எதை எடுப்பது? குளியலறைக்குக் கதவு இல்லாமல் முடியுமா? மாடிக் கதவை எடுத்தால் திருடன் வருவான். நீங்களே யோசித்துப் பாருங்கள், மிஞ்சுவது பின்வாசல்தான். அதில் இன்னொரு லாபம். கதவு ஒன்பதாயிரம், படியும் மேலே சிலாபும் ஐயாயிரத்து நானூறு, ஆகப் பதினாலாயிரத்து நானூறு மிச்சம். சாஸ்திரமும் சரியாயிற்று, செலவும் குறைந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம், பதினைந்து வருஷத்தில் அப்படி ஒரு முடிவு எடுத்ததில்லை.

சவரிமுத்து முனகினார். 'அண்ணாச்சி, பின்வாசல் இல்லைன்னா அடுப்படி சினிமாக் கொட்டகையில டிக்கெட் கொடுக்கிற கூண்டு மாதிரி இருக்கும். மதினிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க' என்றார். கொத்தனாருக்கு எதற்கு இந்தப் பேச்சு? அவருக்குச் சதுர அடிக்குக் கூலி. நான் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். கேட்கவில்லை. வேலை நடக்கும்போது ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் சுவர் எழும்புமா?

அவள் அடுத்த தடவை வந்தபோது சுவர் கதவு உயரத்துக்கு, லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. கையில் சாப்பாட்டுத் தூக்கு. நேரே அடுப்படிக்குப் போனாள். சுவரில் கையை வைத்தாள். ஈரம் காயவில்லை.

'இங்க வாசல் இருந்துச்சே?' என்றாள்.

எண்ணிக்கை இடிக்கிறது, சாமி அறைக்குக் கதவு வந்ததால் இதை எடுத்தாயிற்று என்று விளக்கமாகச் சொன்னேன். அவசரப்படவில்லை, கோபப்படவில்லை.

'சாமிக்கு எதுக்குக் கதவு? அது எங்க போகப்போகுது?' என்றாள்.

சவரிமுத்து சிரித்துவிட்டார். எனக்குப் பிடிக்கவில்லை. ஆள்களுக்கு முன்னால் அப்படிப் பேசலாமா? நான் பார்த்த பார்வையில் அவளே அடங்கிவிட்டாள். சாப்பாட்டுத் தூக்கை என் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் சொன்னாள், 'சரி.'

ஏழாவது சரி. சித்திரை இருபத்து மூன்று. சாட்சி சவரிமுத்து.

அதற்குப் பிறகும் அவள் ஒத்துழைக்காமல் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் தப்பு. மேல் கான்கிரீட் போடும்போது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் துண்டு விழுந்தது. கம்பி விலை ஏறிவிட்டது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள். மாவுக் காசு. எண்ணினால் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். நூறும் ஐம்பதுமாக, மாவு மணத்தோடு. நான் அதை 'இதர வரவு' என்று வரவு வைத்தேன். வேறு எந்தத் தலைப்பில் வைப்பது? கான்கிரீட் குறித்த நாளில் விழுந்தது.

மிச்சமான அந்தப் பின்வாசல் நிலை மண்ணில் கிடந்தது. ஏழாயிரத்து இருநூறு ரூபாய் வேங்கை. விற்றுக் காசைக் கொடுங்கள் என்று சவரிமுத்துவிடம் சொன்னேன். இரண்டு வாரத்தில் மூவாயிரம் கொண்டுவந்து கொடுத்தார். யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். 'வேணுங்கிறவங்க வாங்கிக்கிட்டாங்க அண்ணாச்சி' என்றார். அதையும் வரவு வைத்தேன்.

ஆவணியில், விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். இருநூற்றுப் பத்துப் பேர் சாப்பிட்டார்கள். மேனேஜர் வந்திருந்தார், ரிட்டயர்ட் ஆகிவிட்டார், மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். சாமி அறைக் கதவைச் சாத்திக் காட்டினேன். காது சரியாகக் கேட்கவில்லை அவருக்கு. உலகம்மாள் பால் காய்ச்சினாள். கிழக்கே பொங்கியது. எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தாள். போட்டோவில் இருக்கிறாள், பாருங்கள், இவள்தான். முகத்தில் ஏதாவது தெரிகிறதா? ஒன்றும் தெரியவில்லை. அதைத்தான் சொல்கிறேன்.

மூன்று ராத்திரி தங்கினாள். புது வீட்டில் மூன்று ராத்திரி விளக்கு எரிய வேண்டும் என்பது முறை. முறையை முடித்தாள். திங்கட்கிழமை காலையில், பழைய வீட்டைக் கழுவிவிட்டுச் சாவியைப் பாயிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். கிரைண்டர் இன்னும் அங்கேதான் கிடந்தது. அன்றைக்கு நோட்டில் அரை நாள் போட்டேன்.

ஆமாம், நோட்டில் போட்டேன். கைப்பழக்கம். வேலை நடந்தபோது வேலைக்காரர்களுக்கு வருகை போட்ட நோட்டு. அதில் கடைசிப் பக்கத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வரி.

சாயங்காலமாகியும் ஆளைக் காணோம். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். சந்து முனையிலேயே கிரைண்டர் சத்தம் கேட்டது. உள்ளே அரைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஒத்துக்கொண்ட மாவு, பாதியில் விட முடியாது என்றாள். நான்கு தோசை வார்த்துக் கொடுத்தாள். எப்போது வருகிறாய் என்றேன். நாளைக்கு என்றாள். நாளைக்கு நாளைக்கு என்று புரட்டாசி வந்துவிட்டது. புரட்டாசியில் வீடு மாறக் கூடாது என்றாள். அது நியாயம். நான் ஒத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் முதல் முகூர்த்த நாள். இன்றைக்கு வந்துவிடுவாள் என்று வாசலில் தண்ணீர் தெளித்து வைத்துவிட்டு நானே போனேன், கூட்டி வர. கதவு திறந்திருந்தது. உள்ளே ஏழெட்டுப் பெண்கள், எல்லாம் பின்சந்து ஆட்கள். பாய் சம்சாரம் பாயில் உட்கார்ந்திருக்கிறது. பாய் வாசலில் நின்று 'வாங்க பாவண்ணன், நல்ல நேரத்துக்கு வந்தீங்க' என்கிறார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷனுக்கு என் பெயர் முழுசாக வாயில் வந்ததில்லை. ஒரு பெண் என் கையில் தம்ளரைக் கொடுத்தது. பால். சர்க்கரை போட்ட சூடான பால்.

பால் காய்ச்சியிருக்கிறாள் தம்பி. இருபத்து நான்கு வருஷம் குடியிருந்த வீட்டில். பழைய வீட்டில் யாராவது பால் காய்ச்சுவார்களா? நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

எதற்கு இது என்று கேட்டேன். எல்லோருக்கும் முன்னால்தான் கேட்க வேண்டியதாயிற்று.

அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். 'இத்தனை வருஷம் உங்க பேர்ல இருந்த வீடு. இப்ப பாய்கிட்ட என் பேர்ல எழுதி, அட்வான்ஸ் கொடுத்திருக்கேன். புதுசாக் குடிவந்தா பால் காய்ச்ச வேண்டாமா?'

பத்தாயிரம் அட்வான்ஸ். மாவுக் காசு. பாய்க்கு ஒரு மாதமாகத் தெரியும். அம்பாசமுத்திரத்தில் இருக்கிற மகள் தமயந்திக்குத் தெரியும், போனில் கேட்டால் 'அம்மாகிட்டயே கேளுங்கப்பா' என்கிறாள். காஸ் சிலிண்டர் போடுகிறவனுக்குக்கூடத் தெரியும், முகவரி மாற்ற வேண்டாம் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். ஊரில் தெரியாத ஒரே ஆள் நான்.

கையில் தம்ளரோடு எங்கே நிற்பது என்று தெரியாமல் பின்பக்கம் போனேன். அங்கே பார்த்தேன். அடுப்படியின் பின்வாசலில் புது நிலை. பழையது உளுத்து ஆடிக்கொண்டிருக்கும், கதவைச் சாத்தினால் மண் உதிரும். அதை எடுத்துவிட்டுப் புதிது. வேங்கை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே மாவிலை கட்டியிருக்கிறது. இடது காலில், அடியிலிருந்து ஓர் அடி உயரத்தில், பென்சிலால் '9' என்று எழுதியிருந்தது. நான் எழுதியது. சாமி அறைக் கதவு முடிவான அன்று, இது வேண்டாதது என்று அடையாளம் வைத்த எண்.

சவரிமுத்து பதித்துக் கொடுத்திருக்கிறார். கீழே இரண்டு படியும் கட்டியிருக்கிறார், கூலி வாங்கவில்லையாம். என் மதிப்பீட்டில் வாங்கிய மரம், என் கொத்தனார், பாய் வீட்டுச் சுவர். இதற்கு என்ன பெயர்? திருட்டு என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'மூவாயிரம் வரவு வச்சீங்களே' என்றாள்.

வீட்டுக்கு வா என்றேன். கடைசியாகச் சொல்கிறேன், வா என்றேன்.

'சரி. சாப்பிட்டுட்டுப் போங்க' என்றாள்.

பன்னிரண்டாவது சரி. ஆனால் வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதற்குத் துரோகம் என்றுதான் பெயர். மில்லில் சொல்லாமல் பத்து நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடலாம், ஸ்டாண்டிங் ஆர்டரில் இருக்கிறது. இன்றோடு நூற்று அறுபத்திரண்டு நாள். நான் அடிக்கவில்லை. தினமும் காலையில் நோட்டைத் திறந்து அவள் பெயருக்கு நேரே 'ஆப்சென்ட்' போடுகிறேன். நாளைக்கு என்று ஒரு கட்டம் காலியாக விடுகிறேன்.

சாப்பாடா? சாப்பாடு வேறு விஷயம். எனக்குச் சமைக்கத் தெரியாது, ஓட்டல் ஒத்துக்கொள்ளாது. பகல் ஒரு மணிக்குச் சைக்கிளில் போய் அங்கே சாப்பிடுவேன். ராத்திரிக்குத் தூக்கில் கொடுத்துவிடுவாள். கோபம் என்றால் கோபம்தான். அதற்காகச் சாப்பாட்டில் காட்ட முடியுமா? அந்தப் பின்வாசல் பக்கம் உட்கார்ந்தால் நல்ல காற்று வரும். புது வீட்டு அடுப்படியில் அந்தக் காற்று இல்லை. சுவர் கனம், ஒன்பது அங்குலம்.

ஜனவரி இருபத்திரண்டு, புதன்கிழமை. பகல் ஒன்று பத்துக்குக் கணக்கெடுக்கிற பெண் பந்தல்குடி ரோடு வீட்டுக்கு வந்திருக்கிறது. பூட்டு. ஒன்று நாற்பதுக்கு அதே பெண் மூன்றாம் சந்துக்கு வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். உலகம்மாள் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். 'வீட்டுல எத்தனை பேர்மா?' என்று கேட்டது.

உலகம்மாள் கரண்டியை எடுக்காமலே சொன்னாள், 'ரெண்டு பேர்.'

என் வாயில் சோறு. விழுங்கிவிட்டு மறுப்பதற்குள் அந்தப் பெண் எழுதிவிட்டது. என் பெயர் கேட்டது, அவளே சொன்னாள். வயது கேட்டது, அவளே சொன்னாள், ஒரு வயது குறைத்து. எனக்கு வேறு வீடு இருக்கிறது, சொந்த வீடு, எட்டு நிலை என்று சொன்னேன். 'அங்க அடுப்பு எரியுதா ஐயா?' என்று கேட்டது. இல்லை என்றேன். 'ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க ஒரே குடும்பம், அதுதான் எங்களுக்குக் கொடுத்த விதி' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

அதுதான் தம்பி வழக்கு. பதினைந்து வருஷம் திட்டம் போட்டு, இருபத்தொரு லட்சம் போட்டுக் கட்டிய வீட்டில் ஆள் இல்லை என்றும், ஒழுகுகிற வாடகை வீட்டில் அவள் பெயருக்குக் கீழே என் பெயரும். குடும்பத் தலைவர், உலகம்மாள். உறுப்பினர், பால்வண்ணன். இதை எடுத்துவிட்டு அங்கே போடச் சொல்லத்தான் வந்தேன். இரண்டு பேரையும் அங்கே போடச் சொல்லுவேன். எழுதிவிட்டால் வந்துதானே ஆக வேண்டும்.

எங்கே, உங்கள் பிளானைக் காட்டுங்கள். பயப்படாதீர்கள், மடக்க மாட்டேன். முன்வாசல், ஒன்று. இரண்டு, மூன்று. குளியலறை நான்கு, ஐந்து. அடுப்படி ஆறு. இது என்ன, பின்வாசலா? ஏழு. ஒற்றைப்படை தம்பி. இதை எடுத்துவிடுங்கள். செலவும் குறையும்.

நாற்பத்தேழு கூப்பிடுகிறார்கள். வருகிறேன்.

அட, நீங்களா? நான்கு மாதம் ஆகிவிட்டதே. பிளான் கிடைத்ததா? நல்லது.

என் விஷயமா? அன்றைக்கு உள்ளே போனேன். காஸ் இணைப்பு எந்த முகவரியில் என்று கேட்டார்கள். சொன்னேன். பட்டியலில் ஒன்றும் மாறவில்லை. இப்போது வந்தது வேறு வேலை, வீட்டுவரி ரசீதில் 'வாடகைக்கு விடப்பட்டது' என்று மாற்றி எழுத வேண்டுமாம்.

மின்சார வாரியத்தில் வேலை பார்க்கிற ஒருவர். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். அந்த அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது, பின்வாசல் இல்லையா என்று. வாடகையில் ஐந்நூறு குறைத்தேன்.

என் கட்டில் பாய் வீட்டு முன்வாசலில் நுழையவில்லை. பின்சந்து வழியாகச் சுற்றி அந்த வேங்கை நிலை வழியாகத்தான் உள்ளே போனது. சவரிமுத்து ஒரு பக்கம் பிடித்தார். அவரோடு நான் இன்னும் பேசுவதில்லை. அவளோடும் அதிகம் இல்லை.

ஜூன் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு இருபதுக்குப் பந்தல்குடி ரோடு வீட்டில் பால் காய்ச்சினார்கள். நான்கு பேர்.